டெசராக்டை விண்டோஸில் சோர்ஸிலிருந்து பில்ட் செய்வது: சேலத்தில் ஓடுகிறது, ஏற்காட்டில் நின்றுவிடுகிறது

கேள்வி: நாகலூரான்

வணக்கம்ங்க. பழைய அச்சுப் புத்தகங்களோட ஸ்கேன் பக்கங்களை எழுத்தாக மாற்றுற ப்ரோக்ராம் ஒண்ணு சி++ல தயாராகிட்டு இருக்கு. டெசராக்ட் 5.5.0-ஐ (படத்துல உள்ள எழுத்தைப் படிக்கிற ஓசிஆர் எஞ்சின்) அதுக்குள்ள லைப்ரரியா இணைக்கணும். ரெடிமேட் இன்ஸ்டாலர் கமாண்ட் லைனுக்குப் போதும், இதுக்குப் பத்தாது. அதனால விஷுவல் ஸ்டுடியோ 2022 பில்ட் டூல்ஸ், சிமேக் (பில்டை அமைச்சுக் கொடுக்கிற கருவி), விசிபிகேஜி (சி++ லைப்ரரிகளை இறக்கிக் கட்டித் தர்ற கருவி) மூணையும் வச்சு சோர்ஸ்ல இருந்து பில்ட்.

மூணு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்குது.

சேலத்துல முதல் கணினியில லிங்க் ஆகும்போது எல்என்கே 1112 பிழை. எக்ஸ்64 மாட்யூல் எக்ஸ்86 டார்கெட்டோடு முரண்படுதுன்னு சொல்லுது.

இரண்டாவது கணினியில பில்ட் முழுசா முடியுது, அங்கேயே ஓடவும் செய்யுது. வேற கணினிக்கு எக்ஸியை எடுத்துட்டுப் போனா ஆர்க்கைவ் டிஎல்எல் காணோம்னு நிக்குது. எங்க ப்ரோக்ராம் அதைத் தொடவே இல்லை.

மூணாவது ஏற்காட்டுல இருக்கிற லேப்டாப். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், மொபைல் டேட்டா மட்டும்தான். விண்டோஸ் யூசர் பேரைத் தமிழ்லயே வச்சிருக்கோம். விசிபிகேஜி பாதியில நின்னுடுது. லாக்ல பார்த்தா யூசர் ஃபோல்டர் பேர் வர வேண்டிய இடத்துல வரிசையா கேள்விக்குறி.

மூணுக்கும் பொதுவான ஒரே வரிசை இருக்குமா? புதுசா ஒரு கணினியை எடுத்து முதல்ல இருந்து செய்யிற மாதிரி சொன்னா நல்லது.


பதில் 1: அஸ்தம்பட்டி

மூணும் வேற வேற நோய்ங்க. கடைசியைப் பத்தித் தனியா யாராவது எழுதுவாங்க. முதல் ரெண்டும் ஆரம்பிச்ச இடம் தப்பானதால வர்றது.

எல்என்கே 1112: ஸ்டார்ட் மெனுவுல "டெவலப்பர் கமாண்ட் ப்ராம்ப்ட்"னு இருக்கிறதைத் திறந்திருப்பீங்க. அது இயல்பா 32 பிட் கம்பைலரைத்தான் எடுத்துக் கொடுக்கும். விசிபிகேஜி கட்டின லெப்டோனிகா (டெசராக்டுக்குப் படங்களைத் திறந்து கொடுக்கிற லைப்ரரி) 64 பிட். ரெண்டும் சேராது. அதே மெனுவுல "எக்ஸ்64 நேட்டிவ் டூல்ஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்"னு இன்னொண்ணு இருக்கும், அதைத் திறங்க. திறந்ததும் வேற எதுவும் செய்யாம சிஎல் (cl)னு மட்டும் அடிச்சு என்டர் தட்டுங்க. முதல் வரியோட கடைசியில "ஃபார் எக்ஸ்64"னு வரணும். அது வராம அடுத்த அடி எடுத்து வைக்காதீங்க.

அங்கேயே இன்னொரு சோதனை. வேர் லிங்க் (where link)னு அடிச்சுப் பாருங்க. கிட் பாஷ்ல இருந்து பில்ட் பண்றவங்களுக்கு விஷுவல் ஸ்டுடியோவோட லிங்கருக்கு முன்னாடி கிட்டோடு வர்ற யுனிக்ஸ் லிங்க் வந்து நிக்கும். பேர் ஒண்ணுதான், வேலை வேற. "லிங்க்: எக்ஸ்ட்ரா ஆப்பரண்ட்"னு பிழை வந்தா காரணம் இதுதான், உங்க கோடுல தேடாதீங்க. கிட் பாஷை கிட்டுக்கு மட்டும் வச்சுக்குங்க.

இப்ப ஆர்க்கைவ் டிஎல்எல். அந்த ரெண்டாவது கணினியில அனகோண்டா (பைத்தான் தொகுப்பு) இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் காலேஜ் லேப்ல, பைத்தான் படிச்சவங்க லேப்டாப்ல அது இல்லாம இருக்காது. சிமேக் ஒரு லைப்ரரியைத் தேடும்போது பாத்ல (ப்ரோக்ராம்களைத் தேடுற ஃபோல்டர் பட்டியல்) இருக்கிற ஃபோல்டர்களைச் சுத்தியும் தேடும். டெசராக்டுக்கு லிப்ஆர்க்கைவ் (சுருக்கின கோப்புக்கான லைப்ரரி), கர்ல் (இணையத்துல இருந்து இறக்குறதுக்கான லைப்ரரி) ரெண்டும் இருந்தாலும் சரி, இல்லைன்னாலும் சரி. அனகோண்டாவுக்குள்ள லிப்ஆர்க்கைவ் கிடைச்சதும் "இருக்கு"ன்னு முடிவு பண்ணி இணைச்சிடும். அந்தக் கணினியில பாத் இருக்கிறதால ஓடும். வெளியே எடுத்துட்டுப் போனா நிக்கும். பில்ட் ஃபோல்டர்ல இருக்கிற சிமேக்கேஷ் கோப்பை நோட்பேடில் திறந்து அனகோண்டான்னு தேடுங்க. ஒரு வரி அகப்பட்டாலும் அந்த பில்ட் ஃபோல்டரையே அழிச்சிட்டு மறுபடி ஆரம்பிங்க. கேஷ்ல ஒரு வரியை மட்டும் திருத்தித் தப்பிக்கலாம்னு பார்த்தா அடுத்த லைப்ரரியில மாட்டும். ஸ்ட்ராபெர்ரி பெர்ல் இருந்தா இன்னும் மோசம். அதுக்குள்ள ஜிசிசி கம்பைலரே இருக்கு, நேட்டிவ் டூல்ஸ் ஜன்னல் இல்லாம நிஞ்ஜாவோடு (பில்டை ஓட்டுற கருவி) ஓட்டினா சிமேக் அதைத் தூக்கிக்கும்.

முதல்ல இருந்து வரிசை இப்படி:

பில்ட் டூல்ஸ் இன்ஸ்டாலர்ல "டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி++" ஒண்ணை மட்டும் டிக் பண்ணுங்க. சிமேக்கும் நிஞ்ஜாவும் அதோடவே வந்துடும், தனியா போட வேண்டாம். மொழிப் பட்டியல்ல ஆங்கிலம் கட்டாயம் இருக்கணும், விசிபிகேஜி அதைக் கேட்கும்.

சி டிரைவுக்கு நேர் கீழே எஸ்ஆர்சின்னு ஒரு ஃபோல்டர். விசிபிகேஜி, டெசராக்ட் ரெண்டும் அதுக்குள்ள. டெஸ்க்டாப்ல வைக்காதீங்க. பல கணினியில டெஸ்க்டாப் ஒன்டிரைவுக்குள்ள இருக்கும், பில்ட் ஓட ஓட அது ஒவ்வொரு கோப்பையும் மேலே ஏத்திக்கிட்டே இருக்கும். பாதை நீளம் 260 எழுத்தைத் தாண்டுற தொல்லையும் குட்டி ஃபோல்டர்னா வராது. ரெஜிஸ்ட்ரியில நீளப் பாதையை அனுமதிக்கிற சாவி இருக்குதான், ஆனா எல்லாக் கருவியும் அதை மதிக்காது.

விசிபிகேஜியை முழுசா குளோன் பண்ணுங்க. டெப்த் 1 கொடுத்தா பின்னாடி வெர்ஷன் குறிச்சு வைக்கும்போது பழைய வரலாறு இல்லைன்னு மறுக்கும். டெசராக்டை மட்டும் 5.5.0 டேகோட டெப்த் 1-ல எடுக்கலாம். விசிபிகேஜிக்குள்ள பூட்ஸ்ட்ராப் பேட்ச் (.bat) கோப்பை ஓட்டிட்டு, லெப்டோனிகாவை எக்ஸ்64-விண்டோஸ்-ரிலீஸ் ட்ரிப்லெட்ல (எந்த வகைக் கணினிக்கு, எப்படிக் கட்டணும்னு சொல்ற பேர்) இன்ஸ்டால் பண்ணுங்க. வெறும் எக்ஸ்64-விண்டோஸ்னு கொடுத்தா ஒவ்வொரு லைப்ரரியையும் டீபக் ஒருதரம், ரிலீஸ் ஒருதரம்னு ரெண்டு முறை கட்டும். ஹோஸ்ட் ட்ரிப்லெட்டுக்கும் அதே பேரைக் கொடுங்க, இல்லைன்னா துணைக் கருவிகளை மட்டும் பழையபடி ரெண்டு முறை கட்டும்.

டெசராக்டுக்கு சிமேக் கொடுக்கும்போது ஜெனரேட்டர் நிஞ்ஜா, பில்ட் டைப் ரிலீஸ், டூல்செயின் ஃபைலா விசிபிகேஜிக்குள்ள ஸ்கிரிப்ட்ஸ், பில்ட்சிஸ்டம்ஸ் ஃபோல்டர்ல இருக்கிற விசிபிகேஜி டாட் சிமேக், டார்கெட் ட்ரிப்லெட் மேலே சொன்னது. பில்ட் ஷேர்டு லிப்ஸ் ஆன். பில்ட் ட்ரெய்னிங் டூல்ஸ் ஆஃப். டிசேபிள் ஆர்க்கைவ், டிசேபிள் கர்ல் ரெண்டும் ஆன். எஸ்டபிள்யூ பில்ட் ஆஃப். இன்ஸ்டால் ப்ரீஃபிக்ஸ் எஸ்ஆர்சிக்குள்ள அவுட்னு ஒரு ஃபோல்டர், இல்லைன்னா ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல எழுதப் போய் அனுமதி இல்லாம நிக்கும். டூல்செயின் ஃபைலை முதல் தடவையே கொடுத்திருக்கணும். மறந்துட்டு ரெண்டாவது தடவை சேர்த்தா சிமேக் கண்டுக்காது, ஃபோல்டரை அழிச்சே ஆகணும்.

ட்ரெய்னிங் டூல்ஸை ஆஃப் பண்ணச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அது ஐசியு, பேங்கோ, அதுக்குப் பின்னாடி கெய்ரோ, கிளிப், ஹார்ஃப்பஸ்னு ஒரு ஊரையே இழுத்துட்டு வரும். எழுத்தைப் படிக்க அது எதுவும் வேண்டாம். தமிழ் மாடலை நீங்களே பயிற்சி கொடுக்கப் போறீங்கன்னா அதை டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள ஓடுற லினக்ஸ்) உபுண்டுல செய்யுங்க. டெஸ்ட்ரெயின் (பயிற்சிக்கான கருவி) மேக்ஃபைலை நம்பி நிக்கிறது, விண்டோஸ்ல அதோடு மல்லுக்கட்டுறது வீண்.


பதில் 2: பட்டைகோவில்

மேலே சொன்ன வரிசை சரி. ஆனா டிஎல்எல் தொல்லையே வேண்டாம்னா எக்ஸ்64-விண்டோஸ்-ஸ்டேட்டிக் ட்ரிப்லெட்ல கட்டுங்க. ஒரே எக்ஸி, காப்பி பண்ணினா போதும்.


பதில் 3: அஸ்தம்பட்டி

அதுல ஒரு குழி இருக்குங்க. அந்த ட்ரிப்லெட் சி ரன்டைமையும் ஸ்டேட்டிக்கா இணைக்கும். நாகலூரானோட சொந்த ப்ரோக்ராம் இயல்பா டைனமிக் ரன்டைம்லதான் கம்பைல் ஆகும். உடனே எல்என்கே 2038, எம்டி (MT) ஸ்டேட்டிக் ரிலீஸும் எம்டி (MD) டைனமிக் ரிலீஸும் பொருந்தலைன்னு பக்கம் பக்கமா கொட்டும். லைப்ரரியை மட்டும் ஸ்டேட்டிக்கா வச்சுக்கணும்னா கடைசியில எம்டி (MD) ஒட்டிய ட்ரிப்லெட் இருக்கு, எக்ஸ்64-விண்டோஸ்-ஸ்டேட்டிக்-எம்டி. அப்ப டெசராக்டுக்கும் பில்ட் ஷேர்டு லிப்ஸை ஆஃப் பண்ணணும்.

அதே பிழை டீபக்லயும் வரும். டெசராக்ட் ரிலீஸ், உங்க ப்ரோக்ராம் டீபக்னா இட்டரேட்டர் டீபக் லெவல் 0, 2ன்னு மோதும். படிப்படியா நிறுத்திப் பார்க்கணும்னா உங்க ப்ரோக்ராமை ரெல்வித்டெப்இன்ஃபோல கட்டுங்க. டீபக் தகவல் கிடைக்கும், ரன்டைம் மாறாது.


பதில் 4: கொண்டையூசி 20

ஏற்காட்டு லேப்டாப்புக்கு வர்றேன். மொபைல் டேட்டாவுல இதையெல்லாம் இறக்காதீங்க. கிட் குளோன் பாதியில அறுந்தா விட்ட இடத்துல இருந்து தொடராது, மறுபடி முதல்ல இருந்துதான். மலையில மழை பிடிச்சா சிக்னல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சேலத்துல கட்டி பென்டிரைவ்ல மேலே கொண்டு போறதுதான் வழி. 32 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு தாராளமா போதும்.

அதுல மூணு விஷயம் போகணும்.

ஒண்ணு, பில்ட் டூல்ஸ் லேஅவுட் (இணையம் இல்லாம இன்ஸ்டால் பண்ற தொகுப்பு). சேலத்துல பில்ட் டூல்ஸ் இன்ஸ்டாலரை கமாண்ட் லைன்ல லேஅவுட்ங்கிற ஆப்ஷனோட ஓட்டுங்க. ஆட் (add) ஆப்ஷன்ல விசிடூல்ஸ் வொர்க்லோடு, அதோட இன்க்ளூட் ரெக்கமண்டட். லேங் ஆப்ஷன்ல ஆங்கிலம்-அமெரிக்கான்னு கட்டாயம் கொடுங்க. கொடுக்கலைன்னா ஜப்பானியம், துருக்கியம்னு அத்தனை மொழியையும் இறக்கிட்டு உட்கார்ந்திருக்கும். லேஅவுட் ஃபோல்டரோட பாதை 80 எழுத்துக்குள்ள இருக்கணும். மேலே லேப்டாப்ல அந்த ஃபோல்டர்ல இருக்கிற இன்ஸ்டாலரையே நோவெப் ஆப்ஷனோட ஓட்டுங்க. சான்றிதழ் சரிபார்க்க முடியலைன்னு நின்னா, லேஅவுட்டுக்குள்ள சர்டிஃபிகேட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல உள்ளதை முதல்ல இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி ஓட்டணும்.

ரெண்டு, லெப்டோனிகா. விசிபிகேஜியைத் தூக்கிட்டுப் போக வேண்டாம். சேலத்துல கட்டி முடிச்சதும் விசிபிகேஜி எக்ஸ்போர்ட் லெப்டோனிகான்னு அதே ட்ரிப்லெட்டைக் குறிச்சு ஜிப் ஆப்ஷனோட கொடுங்க. ஹெடர், லிப், டிஎல்எல், டூல்செயின் ஃபைல் எல்லாம் ஒரே ஜிப்ல வரும். மேலே எஸ்ஆர்சிக்குள்ள பிரிச்சு, டூல்செயின் பாதையை அங்கே காட்டினா சிமேக்குக்கு வித்தியாசமே தெரியாது. அந்த 8 ஜிபி லேப்டாப்ல ஒரு லைப்ரரியைக் கூடக் கட்ட வேண்டியதில்லை.

சேலத்துல மீதி கணினிகளுக்கு வேற வழியும் இருக்கு. விசிபிகேஜி கட்டினதையெல்லாம் யூசரோட லோக்கல் ஆப்டேட்டாவுல, விசிபிகேஜி ஃபோல்டர்ல, ஆர்க்கைவ்ஸ்னு சேர்த்து வைக்கும். அதை நெட்வொர்க்ல பகிர்ந்து ஒவ்வொரு கணினியும் எடுத்துக்கலாம். ஆனா கம்பைலர் வெர்ஷன் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் பொருந்தாது, திரும்பக் கட்ட ஆரம்பிச்சிடும். எல்லாத்துலயும் ஒரே லேஅவுட்ல இருந்து பில்ட் டூல்ஸ் போட்டிருந்தா இந்தப் பிரச்சினை இல்லை.

மூணு, டெசராக்ட் சோர்ஸ் ஃபோல்டர். இதை மட்டும் அங்கேயே கட்டலாம். நிஞ்ஜா எத்தனை த்ரெட் இருக்கோ அதுக்கு மேல ரெண்டு வேலையைச் சேர்த்து ஒரே நேரத்துல ஓட்டும். 8 த்ரெட்னா 10 கம்பைலர். 8 ஜிபி ரேம்ல மூச்சு முட்டி சி 1060, ஹீப் இடம் தீர்ந்துச்சுன்னு வரும். ஜே 3-ன்னு (ஒரே நேரத்துல மூணு வேலை) கட்டுப்படுத்துங்க. டிஃபெண்டர்ல எஸ்ஆர்சி ஃபோல்டருக்கு விலக்கு கொடுங்க. ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்பு உருவாகி அழியும்போது ஒவ்வொண்ணையும் அது திறந்து பார்த்துட்டே இருந்தா நேரம் அங்கேதான் போகும்.

யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. பில்ட் நடுவுல கரண்ட் போனா சில ஆப்ஜெக்ட் கோப்பு பேரும் நேரமும் சரியா இருந்து உள்ளே வெறுமையா கிடக்கும். நிஞ்ஜா நேரத்தைப் பார்த்து "இது முடிஞ்சது"ன்னு தாண்டிடும். கடைசியில எல்என்கே 1136 இல்லைன்னா 1107, கோப்பு கெட்டிருக்குன்னு வரும். சோர்ஸ்ல கை வைக்காம பில்ட் ஃபோல்டரை அழிச்சிட்டு ஓட்டுங்க.


பதில் 5: எழுத்துரு

அந்தக் கேள்விக்குறி வரிசைதான் இந்த இழையிலேயே தமிழ்ல பேர் வைக்கிறதால வர்ற சிக்கல், அதனால கொஞ்சம் விரிவா.

விண்டோஸ்ல ஒரு ப்ரோக்ராம் கோப்பைத் திறக்க ரெண்டு வழி. ஒண்ணு யூனிகோடு வழி. இன்னொண்ணு பழைய ஆன்சி வழி, அந்தந்த மொழிக்கான கோடு பேஜை நம்பி நிக்கிறது. ரஷ்யனுக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253னு ஒண்ணு இருக்கு. தமிழுக்கு அப்படி ஒரு ஆன்சி கோடு பேஜே விண்டோஸ்ல கிடையாது. தமிழ் அங்கே யூனிகோடு மட்டும்தான். அதனால ரஷ்யாக்காரர் சிஸ்டம் லோகேலை மாத்தித் தப்பிக்கலாம், நாம மாத்தினாலும் பலன் இல்லை. பழைய வழியில வர்ற கருவி தமிழ் எழுத்து ஒவ்வொண்ணையும் கேள்விக்குறியா மாத்திடும். விண்டோஸ் கோப்புப் பேர்ல கேள்விக்குறி செல்லவே செல்லாது. உடனே "கோப்பு இல்லை". நீங்க லாக்ல பார்த்தது அதுதான்.

சோர்ஸை சி டிரைவ்ல வச்சாலும் இது முழுசா தீராது, ஏன்னா டெம்ப் ஃபோல்டர் யூசர் பேருக்குள்ளதான் இருக்கு. செட்டிங்ஸ்ல அக்கவுன்ட் பேரை மாத்தினா ஃபோல்டர் பேர் மாறாது. ரெண்டு வழி இருக்கு: ஆங்கில எழுத்துல புது லோக்கல் யூசர் ஒண்ணு உருவாக்கி பில்டை அதுல மட்டும் செய்யலாம். இல்லைன்னா என்விரான்மென்ட் வேரியபிள்ல டெம்ப், டிஎம்பி ரெண்டையும் சி டிரைவுக்கு நேர் கீழே ஒரு ஃபோல்டருக்குத் திருப்பி, விசிபிகேஜி டிஃபால்ட் பைனரி கேஷையும் அதே மாதிரி வேற ஃபோல்டருக்குக் காட்டலாம். அந்த ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வைக்கணும், அது தானா உருவாக்காது. முதல் வழிதான் நிம்மதி.

ரீஜியன் செட்டிங்ஸ்ல "பீட்டா: யுடிஎஃப்-8"னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டா சரியாகும்னு சிலர் சொல்வாங்க. பில்டுக்குச் சரியாகலாம். ஆனா அச்சக வேலை நடக்கிற கணினியில தயவுசெஞ்சு தொடாதீங்க. யூனிகோடுக்கு முந்தைய 8 பிட் தமிழ் எழுத்துருவை நம்பி இன்னும் எத்தனையோ டிடிபி மென்பொருள் ஓடிட்டு இருக்கு. அந்த டிக் போட்ட அடுத்த தடவை திறக்கும்போது அதுல உள்ள தமிழ் சிதைஞ்சு நிக்கும்.


நாகலூரான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. புது யூசர்ல ஏற்காட்டு லேப்டாப் பில்ட் ஆயிடுச்சு. ரெண்டாவது கணினியில சிமேக்கேஷ்ல அனகோண்டா வரி நாலு இருந்துச்சு, அழிச்சுக் கட்டினதும் ஆர்க்கைவ் டிஎல்எல் கேட்கலை.

இப்ப மிச்சம் ரெண்டு. எங்க ப்ரோக்ராம்ல கோடுக்குள்ள எழுதின தமிழ் செய்தி வெளியே வரும்போது தலையில கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள்ள ஆர், மறுபடி ஏன்னு வருது. கம்பைலர் எச்சரிக்கை எதுவும் கொடுக்கலை. அடுத்தது, பேர் தமிழ்ல இருக்கிற படத்தைக் கொடுத்தா லெப்டோனிகா திறக்க மாட்டேங்குது. ஆங்கிலப் பேர்னா திறக்குது.


எழுத்துரு:

முதலாவது: தமிழ் எழுத்து யுடிஎஃப்-8ல மூணு மூணு பைட். முதல் ரெண்டு பைட்டை 1252 கோடு பேஜ்ல படிச்சா அதிகமா அந்த ஏவும் வட்ட ஆரும்தான் கிடைக்கும். நம்ம கணினிகள்ல இயல்பான கோடு பேஜ் 1252. அதுல இந்த பைட்டெல்லாம் பெரும்பாலும் செல்லுபடியான எழுத்தா இருக்கிறதால கம்பைலர் வாய் திறக்காம விழுங்கிடும். கம்பைலர் ஆப்ஷன்ல ஸ்லாஷ் யுடிஎஃப்-8 சேருங்க. சோர்ஸைப் படிக்கிறதும் எக்ஸிக்குள்ள எழுதுறதும் ரெண்டுமே அதுல சரியாகும். சரிபார்க்க கன்சோலை நம்பாதீங்க. சிஎச்சிபி 65001 கொடுத்தாலும் கொம்பும் காலும் எழுத்தோடு சேராம தனித்தனியா நிக்கும். கோப்புல எழுதி நோட்பேட்ல திறந்து பாருங்க.

ரெண்டாவது, யூசர் ஃபோல்டர் கதையேதான். லெப்டோனிகா சாதாரண எஃப்ஓபன்ல திறக்குது, பேர் ஆன்சி வழியா போகுது. சிஸ்டம் முழுக்க மாத்தாம உங்க எக்ஸிக்கு மட்டும் யுடிஎஃப்-8 வாங்கலாம். விண்டோஸ் 10 1903-லிருந்து மேனிஃபெஸ்ட்ல (எக்ஸியோட அமைப்பை விண்டோஸுக்குச் சொல்ற கோப்பு) ஆக்டிவ் கோடு பேஜ்னு ஒரு உறுப்பு உண்டு, அதுல யுடிஎஃப்-8னு எழுதி, அந்த மேனிஃபெஸ்ட் கோப்பை சிமேக்ல சோர்ஸ் பட்டியல்லயே சேர்த்துடுங்க. எம்எஸ்விசியில (விஷுவல் ஸ்டுடியோவோட கம்பைலர்) சிமேக் அதை எக்ஸிக்குள்ள பதிச்சிடும். கமாண்ட் லைன்ல வர்ற கோப்புப் பேரும் அதோட யுடிஎஃப்-8 ஆயிடும். மேனிஃபெஸ்ட் வேண்டாம்னா கோப்பை நீங்களே அகல எழுத்துப் பாதையில திறந்து, மெமரிக்கு ஏத்தி, பிக்ஸ் ரீட் மெம் ஃபங்ஷனுக்குக் கொடுங்க.


அஸ்தம்பட்டி:

உங்க சிமேக் கோப்புல ஃபைண்ட் பேக்கேஜ் டெசராக்ட் போட்டு, சிமேக் ப்ரீஃபிக்ஸ் பாத்ல அந்த அவுட் ஃபோல்டரைக் காட்டியிருப்பீங்க, அது சரி. வேற கணினிக்குக் கொடுக்கும்போது டெசராக்ட்55 டிஎல்எல் மட்டும் போதாது. இன்ஸ்டால் கட்டளை லெப்டோனிகா, டிஃப், பிஎன்ஜி, ஜேபெக் டிஎல்எல்களை அவுட் ஃபோல்டருக்குக் கொண்டு வராது. ட்ரிப்லெட்டோட பின் ஃபோல்டர்ல இருந்து எடுத்து எக்ஸி பக்கத்துல வைங்க. எது எது வேணும்னு டம்ப்பின் டிபெண்டன்ட்ஸ் காட்டும், ஆனா ஒரு படி மட்டும். ஒவ்வொரு டிஎல்எல்லையும் தனித்தனியா கேட்கணும். விசி ரன்டைம்140 காணோம்னு வந்தா அங்கே விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள் எக்ஸ்64 போடணும்.

தமிழ் மாடல் கோப்பை எங்கே வச்சீங்க? 5-ல டெஸ்டேட்டா ப்ரீஃபிக்ஸ் வேரியபிள் டெஸ்டேட்டா ஃபோல்டரையே காட்டணும். 3-ல மேல் ஃபோல்டர், பழைய குறிப்புகள்ல அப்படித்தான் இருக்கும். கிட்ஹப் பக்கத்துல பேர் மேல ரைட் கிளிக் பண்ணி சேவ் பண்ணினா மாடல் வராது, வலைப்பக்கம்தான் வரும். அளவைப் பாருங்க. அது சந்தேகமா இருந்தா நோட்பேட்ல திறங்க, முதல் வரியிலேயே எச்டிஎம்எல்னு தெரிஞ்சிடும். உள்ளே போய் டவுன்லோடு பட்டனை அழுத்தித்தான் எடுக்கணும்.

பழைய அச்சுன்னா டெஸ்டேட்டா பெஸ்ட்ல இருக்கிற டிஏஎம் மாடலை எடுங்க. வேகம் குறைவு, ஆனா பின்னாடி உங்க புத்தகங்களோட எழுத்துருவுக்குப் பயிற்சி கொடுக்கணும்னா அதுலதான் தொடர முடியும், ஃபாஸ்ட் மாடல்ல முடியாது. ஸ்கேன் 300 டிபிஐக்குக் குறையாம இருக்கட்டும். பத்தி பிரியாத ஒரே கட்டமா உள்ள பக்கத்துக்கு பிஎஸ்எம் (பக்கத்தைப் பிரிச்சுப் படிக்கிற முறை) 6. ஒரே நேரத்துல பல பக்கத்தைத் தனித்தனி ப்ராசஸா ஓட்டினா ஓஎம்பி த்ரெட் லிமிட் வேரியபிளை 1-ன்னு வைங்க, இல்லைன்னா ஒவ்வொண்ணும் பல த்ரெட்டைத் திறந்து ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கும்.


நாகலூரான்:

மேனிஃபெஸ்ட் சேர்த்ததும் தமிழ்ப் பேர் உள்ள படம் திறக்குது. மாடல் கோப்பைத் திறந்து பார்த்தேன், எச்டிஎம்எல்தான் அண்ணா. மறுபடி இறக்கிட்டு இருக்கேன்.